ஏழாவது படியில் மறுபடியும் சேமி

சிஸ்டர்,

இன்று காலை உங்கள் கம்ப்யூட்டர் என் கடைக்கு வந்து சேர்ந்தது. மஞ்சக்குட்டை ஜீப்பில், மிளகு மூட்டைகளுக்கும் கால் உடைந்த ஒரு நாற்காலிக்கும் நடுவே உட்கார்ந்து வந்தது. டிரைவர் அதைத் தூக்கிவந்து ஜெராக்ஸ் மிஷின்மேல் வைக்கப் பார்த்தார். அதட்டியதும் தரையில் வைத்தார். "ஏனுங்க பாய், ஆஸ்பத்திரியில பழசையெல்லாம் கழிச்சுட்டாங்க. இத என்ன பண்றதுன்னு கேட்டனுங்க. பாய் கடையில போட்டுரு, அவருக்குத்தான் இதும்மேல கிறுக்குன்னாங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாருந்தான் என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

தூசியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். சுவிட்சுக்குக் கீழே, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரி ஒரு துண்டு. ஓரமெல்லாம் பழுத்து நூல் பிரிந்திருந்தது. அதன்மேல் பால்பாயின்ட் பேனாவில் உங்கள் கையெழுத்து: 'மாசக் கட்டு. சேமி ரெண்டு வாட்டி.' குனிந்து பார்த்தபோது ஆஸ்பத்திரி வாசனை இன்னும் கொஞ்சம் அதில் மிச்சம் இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ வந்து ஆதார் ஜெராக்ஸ் வேண்டும் என்றார். மிஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். மிஷினுக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பிளாஸ்திரியை, நீங்கள் கண்மூடிய வருஷமே நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததால் நடந்ததை இதுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட. நாளை வெள்ளிக்கிழமை. நெட்டில் இருக்கிற நம்முடைய உதவிப் பக்கங்களுக்குக் கொடுத்த கெடு நாளையோடு முடிகிறது. அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த பாதிக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். எதையும் முதல் படியிலிருந்து சொல்லாவிட்டால் உங்களுக்குப் பிடிக்காது.

நீங்கள் முதலில் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரி நர்ஸ்களின் வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கடைகளிலேயே என் கடைக்கு வந்ததற்குக் காரணம், மற்ற கடைகளில் கூட்டம் இருந்தது. "ஏனுங்க, இங்க நெட்டு நிக்குதுங்களா, இல்ல வந்து வந்து போகுமுங்களா?" என்று கேட்டீர்கள். மழைக்குப் போகும், காற்றுக்குப் போகும், மற்றபடி நிற்கும் என்றேன். "அப்ப எங்கூரு பஸ்ஸுக்கு இது தேவலாமுங்க" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். நான் உட்காரச் சொல்லவே இல்லை.

பையிலிருந்து வந்தது, பழைய நோயாளிச் சீட்டுகளின் பின்பக்கத்தில், ஒரு மென்பொருளை எப்படி ஓட்டுவது என்று நீங்கள் படிப்படியாக எழுதிய கட்டு. சின்ன ஆஸ்பத்திரிகள் நோயாளிச் சீட்டு வைத்துக்கொள்வதற்கென்று உலகத்தில் யார் யாரோ சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட மென்பொருள் அது. முன்பு இருந்த டாக்டர் அதை உங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் போட்டது மூன்று புள்ளி இரண்டாம் பதிப்பு. அதற்குள் அவர்கள் நாலைத் தாண்டிவிட்டார்கள். நாலாம் பதிப்புக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், நெட் அறாமல் ஓட வேண்டும். நம் மலையில் மூடுபனி இறங்கினால் போன் பேசுவதே பாடு. ஆகவே நீங்கள் மூன்று இரண்டிலேயே நின்றீர்கள். ஆனால் அதற்கான உதவிப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லை. பாதிப் படங்கள் காணாமல் போயிருந்தன. தொட்ட இடமெல்லாம் நாலாம் பதிப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. நீங்கள் அந்த மென்பொருளைச் செய்த குழுவுக்கு எழுதி, நானே பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். மறுநாளே சரி என்று பக்கங்களைத் திருத்துவதற்கான பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கும் வேண்டாத வேலை கேட்டவுடனே கிடைத்துவிடுகிறது.

அப்புறம் எத்தனை சனிக்கிழமைகள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தை ஏற்றுவதற்கு வந்த நீங்கள் என்னையும் இழுத்துவிட்டீர்கள். என் கடை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் மூன்று இரண்டைப் போட வைத்தீர்கள். நீங்கள் எழுதியதை நீங்களே வாசிப்பீர்கள். நான் அதன்படி செய்ய வேண்டும். சொன்னதற்கு மேல் ஒரு சுண்டு விரல்கூட அசையக் கூடாது. ஒருநாள் நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே அடுத்த பொத்தானை அழுத்திவிட்டேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"பாய், உங்க அறிவ செருப்போட வெளிய உட்டுட்டு வந்து உக்காருங்க. இதப் படிக்கறவங்களுக்கு உங்க அறிவு இருக்காதுங்க. எம்பட பேப்பர் மட்டுந்தான் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் டீ சொல்வேன் என்பதைக் கண்டுபிடித்து, இரண்டு டீ என்று நீங்களே டீக்கடைக்காரருக்குக் கை காட்டினீர்கள். சோதனைக்கு ஒரு நோயாளிச் சீட்டு வேண்டுமே. உங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலும் சரி, என் கடைக் கம்ப்யூட்டரிலும் சரி, அந்த நோயாளி எப்போதும் நான்தான். பெயர்: பாய். வயது: கேட்டால் கோபம் வரும். குறை: கோபம். மருந்து: டீ, சர்க்கரை குறைத்து. என்னைக் கேட்காமலேயே எழுதி வைத்திருந்தீர்கள்.

நம் இருவருக்கும் நடந்த பெரிய சண்டை தேதிக்காக. மூன்று இரண்டில் ஒரே ஒரு இடத்தில் தேதியை மாதம் முன்னால் போட்டு எழுத வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் நாள்தான் முன்னால். அது மென்பொருளில் உள்ள பிழை, நாலாம் பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். நீங்கள் பக்கத்தில் 'இங்கே மட்டும் மாதம் முன்னால்' என்று எழுதி வைத்திருந்தீர்கள். தப்பைப் போய் முறை மாதிரி எழுதுகிறீர்களே, படிக்கிறவன் நம்மை என்ன நினைப்பான் என்று குதித்தேன். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை.

"நாம எழுதறது அது எப்படி இருக்கோணும்னு இல்லீங்க பாய். அது எப்படி இருக்குதுன்னு. அவங்க ஊட்டுல இருக்கறது அந்தத் தப்போடதானுங்க இருக்குது."

அப்போதைக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் மனசில் ஏறவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பதில் வந்தது. ஒடிசாவில் ஒரு மலைக் கிராமத்தில் சுகாதார ஊழியர் ஒருவர், உடைந்த இங்கிலீஷில் எழுதியிருந்தார். அவர்களிடமும் மூன்று இரண்டுதானாம். எட்டு ஊருக்கு அவர்தான் குழந்தைகளுக்குத் தடுப்பூசிச் சீட்டு எழுதுகிறவர். உங்கள் பக்கங்களில் தமிழுக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த இங்கிலீஷை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தீர்கள். வெகுநேரம் துடைத்தீர்கள். அன்றைக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸையும் விட்டீர்கள்.

உடம்பு சரியில்லை என்று நீங்கள் சொன்னதே இல்லை. சனிக்கிழமைகளில் ஒன்று விட்டு ஒன்று வர ஆரம்பித்தீர்கள். அப்புறம் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதாக ஜீப் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது தலைச்சோலையில், உங்கள் வீட்டில். வெளியே காப்பிக்கொட்டை காயப் போட்டிருந்தார்கள். உங்கள் தங்கை மோர் கொடுத்தார். நீங்கள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கை மட்டும் பழையபடி இருந்தது. பாஸ்வேர்டை ஒரு பேப்பரில் எழுதி மடித்துக் கொடுத்தீர்கள்.

"சேக்கறதுன்னா சேத்துக்கங்க பாய், நான் ஒண்ணுஞ் சொல்லல. எதையாச்சும் எடுக்கறதுன்னா மட்டும் நம்ம வெர்ஷன்ல ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துட்டு எடுங்க."

சரிங்க சிஸ்டர் என்றேன். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கத்துக்குக் கடைசியாக நான் சொன்னது மழையைப் பற்றி. நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த மழையிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். பள்ளிவாசலில் உங்களுக்காக துஆ கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானம் என்ன செய்வது என்று தெரியாமல் நான் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு புள்ளி விட்டுப்போன இடத்தில் புள்ளி வைத்தேன். அப்படித்தான் மாதக் கட்டுப் பக்கத்துக்கு வந்தேன். மாதம் முடிந்ததும் அந்த மாதச் சீட்டுகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி ஒதுக்கிவிட்டு, புது மாதத்துக்குப் பட்டியலைக் காலி செய்வதற்கான பக்கம். நீங்கள் கடைசியாகத் தொட்ட பக்கமும் அதுதான். ஆறாவது படி: சேமி பொத்தானை அழுத்தவும். ஏழாவது படி: சேமி பொத்தானை அழுத்தவும். எட்டாவது படி: பட்டியலைக் காலி செய்யவும்.

மற்ற எந்தப் பக்கத்திலும் சேமி இரண்டு முறை இல்லை. உடம்பு முடியாமல் எழுதும்போது கை தவறி ஒரே வரி இரண்டு தடவை விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், எவ்வளவு வலியோடு உட்கார்ந்து எழுதினீர்களோ. யாரும் பார்த்து உங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. உங்கள் மானத்தைக் காப்பாற்றப் போனேன் சிஸ்டர். அதுதான் நடந்தது.

ஓட்டிப் பார்க்கச் சொன்னது ஞாபகம் இருந்தது. என் கடைப் பழைய கம்ப்யூட்டர் முந்தின வருஷமே ஈரத்தில் செத்துப் போயிருந்தது. மூன்று இரண்டு இருந்த குறுந்தகட்டில் பூஞ்சை பிடித்துப் பொட்டுப் பொட்டாக இருந்தது. உங்கள் ஆஸ்பத்திரியில் நம் பதிப்பு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மஞ்சக்குட்டை என்ன சீமையா, ஜீப்பில் ஏறினால் போய் இறங்கலாம். நான் போகவில்லை. உங்கள் நாற்காலியில் வேறொரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே என் புது லேப்டாப்பில், அதற்குள் வந்துவிட்டிருந்த ஐந்தாம் பதிப்பில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு சேமி. கட்டு ஒழுங்காக விழுந்தது. ஏழாவது படியை எடுத்தேன். எட்டு ஏழானது, ஒன்பது எட்டானது. வரிசை எண் அழகாகப் பொருந்தியது. அப்படி ஒரு வரி அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லை. அன்றைக்கு நிம்மதியாகக் கடையைச் சாத்தினேன்.

சில மாதம் கழித்து ஒடிசாக்காரர் எழுதினார். அவர் உடம்புக்கு முடியாமல் லீவில் இருந்தபோது புதிதாக வந்த ஒரு பெண் வேலையைப் பார்த்திருக்கிறார். சுவரில் இருந்த பேப்பர் கரையானுக்குப் போய்விட்டதால் நம் பக்கத்தைத் திறந்து படிப்படியாக அதன்படியே செய்திருக்கிறார். மழைக்காலம் முழுக்கச் சேர்ந்திருந்த சீட்டுகளைக் கட்டாகக் கட்டினார், ஒருமுறை சேமித்தார், பட்டியலைக் காலி செய்தார். கரண்டு போனது. திரும்பி வந்தபோது பட்டியலும் காலி, கட்டும் காலி. எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டது, எது பாக்கி என்று ஒன்றும் இல்லை. அவர் கோபப்படவில்லை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தார். எங்கள் பழைய பேப்பரில் ஏழாவது படி ஒன்று இருந்த ஞாபகம், அதைச் சகோதரி எடுத்தார்களா?

சகோதரி எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று எழுதினேன். நீங்கள் இல்லை என்பதையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அந்த வரியை மறுபடி அதே இடத்தில் வைத்தேன். ஒரே ஒரு பதில் வந்தது. வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம், பலருக்கு ஞாபகம் இல்லை, உங்கள் சகோதரிக்கு எங்கள் வணக்கம் என்று இருந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. அந்தக் குழந்தைகளில் யாருக்காவது ஏதாவது ஆனதா, ஒன்றும் ஆகவில்லையா, எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை.

இவ்வளவும் என் தப்பு. அதில் நான் வாதாடவில்லை. ஆனாலும் உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'ஏன் இரண்டு முறை' என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அந்தப் பக்கத்தை நாம் இருவரும் சேர்ந்தே ஓட்டிப் பார்த்திருப்போம். நீங்கள் சேமி என்றிருப்பீர்கள், அழுத்தியிருப்பேன். மறுபடி சேமி என்றிருப்பீர்கள், மறுபடி அழுத்தியிருப்பேன். அறிவைத்தான் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வந்தேனே. எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டத் தோன்றிய உங்களுக்கு, எனக்கு ஒரு துண்டு ஒட்டத் தோன்றவில்லை. பாய்க்குத் தெரியும் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் குழுவிலிருந்து கடிதம் வந்தது. நல்ல பிள்ளைகள்தான், மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். ஐந்துக்கு முந்திய பதிப்புகளின் பக்கங்களையெல்லாம் இந்த மாதக் கடைசியில் எடுத்துவிடுகிறார்களாம். பழைய பக்கங்களைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புகிறார்களாம். அந்தப் பதிப்பு ஓடுகிற கம்ப்யூட்டர் கையில் இருந்து, பக்கங்களை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்ல ஆள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அந்தப் பதிப்பை மட்டும் விட்டுவைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆள் நான் இருக்கிறேன், கம்ப்யூட்டர் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்க அப்போதும் மனசு வரவில்லை, பதில் போடாமல் இருந்தேன்.

ஆகவே இன்று காலை ஜீப்பிலிருந்து அது இறங்கியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நாளை கெடு, இன்று பெட்டி. அல்லாவே அனுப்பி வைத்தான் என்று நினைத்தேன். உள்ளே ஊதித் துடைத்து, ஒயர்களைச் செருகி, பிஸ்மி சொல்லி சுவிட்சைத் தட்டினேன். உறுமியது. கொஞ்சம் யோசித்தது. பிறகு அந்தப் பச்சைத் திரை வந்தது. கீழே ஓரத்தில் மூன்று புள்ளி இரண்டு.

நோயாளிகளின் சீட்டுகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டு எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். ஒரே ஒரு சீட்டு மட்டும் இருந்தது. அந்த ஆளை யாரும் நோயாளி என்று நினைக்கவில்லை போல. பெயர்: பாய். குறை: கோபம். மருந்து: டீ, சர்க்கரை குறைத்து. நான் சிரித்தேன் சிஸ்டர். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்னங்க பாய் ஆச்சு, ஏன் அழுகறீங்க என்று கேட்டார்.

மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மாதக் கட்டுப் பக்கத்தை எடுத்தேன். வாசிக்க ஆளில்லை, நானே சத்தமாக வாசித்து நானே செய்தேன். கட்டுவதற்கு ஒரு சீட்டு வேண்டும். நீங்கள் எழுதிய சீட்டைப் பணயம் வைக்க மனசில்லை. புதிதாக ஒன்று எழுதினேன். உங்கள் பெயரைப் போட்டேன். குறை என்ற இடத்தில், சனிக்கிழமை வருவதில்லை என்று போட்டேன். மருந்து என்ற இடத்தில் ஒன்றும் போடத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். கட்டினேன். ஒருமுறை சேமித்தேன். உங்கள் சீட்டை மட்டும் பட்டியலிலிருந்து காலி செய்தேன். ஒயரைப் பிடுங்கினேன்.

திரும்பப் போட்டுப் பார்த்தபோது நீங்கள் இல்லை. பட்டியலிலும் இல்லை, கட்டிலும் இல்லை. இருக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதானே செய்தேன். தெரிந்தும் பட்டியலை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். ஒடிசாவில் அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்படித்தான் இருந்திருக்கும்.

மறுபடி எழுதினேன். அதே பெயர், அதே குறை. கட்டினேன். சேமி. மறுபடியும் சேமி. காலி செய்தேன், ஒயரைப் பிடுங்கினேன், திரும்பப் போட்டேன். கட்டுக்குள் இருந்தீர்கள். ஒரு எழுத்துக்கூட குறையவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். ஒழுங்காக அணைத்து, ஒழுங்காகத் திறந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுக் குழுவுக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அணைத்தேன். திறந்தபோது உறுமல் வரவில்லை. டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும். எத்தனையோ பேர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நானே கையை விரித்திருக்கிறேன். கழற்றி வேறு பெட்டியில் மாட்டினேன். காய வைத்தேன். தட்டினேன். என்னென்ன தெரியுமோ எல்லாம் செய்தேன். மூன்று இரண்டின் மூலநிரல் நெட்டில் இன்னும் எங்கேயோ கிடக்கிறது, அதிலிருந்து திரும்பக் கட்டி எழுப்பலாம் என்பார்கள். அதற்கெல்லாம் படித்தவன் நான் இல்லை. சாயங்காலம் மூடுபனி கடைக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்திக்கொண்டேன்.

குழுவுக்குப் பதில் எழுதிவிட்டேன். ஓடுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யார் ஏற்காட்டுக்கு வந்து பார்க்கப் போகிறார்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லி ஒருமுறை பட்டது போதும். ஆள் இருக்கிறேன், பெட்டி இல்லை, எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். அரைமணி நேரத்தில் நன்றி என்று பதில் வந்தது. பக்கங்களையெல்லாம் பென் டிரைவில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கோ ஒரு மலையில் தடுமாறி நின்று தேடுகிறவருக்கு என் மேஜை டிராயரில் இருப்பது எப்படித் தெரியும்?

பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது. மாதக் கட்டுப் பக்கத்தைத் திறந்து ஏழாவது படிக்குக் கீழே சேர்த்தேன்: 'முதல் முறை அழுத்தினால் கட்டு கம்ப்யூட்டரின் நினைவில் மட்டும் நிற்கும். இரண்டாம் முறை அழுத்தினால்தான் ஹார்ட் டிஸ்கில் ஏறும். இடையில் கரண்டு போனால் எல்லாம் போய்விடும். இதை ஓட்டிப் பார்த்தாயிற்று.' சேர்த்தது மட்டும்தான், ஒன்றையும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் இப்போதுதான் குறையில்லாமல் இருக்கிறது. மாதக் கடைசி வரைக்கும் இருக்கும். அதற்குள் யாராவது படிப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

என் கைக்கு மட்டும் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த மிஷினில் எதை எழுதினாலும் இரண்டு முறை சேமிக்கிறேன். போனில் ஒரு நம்பரைப் போட்டாலும் இரண்டு முறை. ஒரு தரம் போதாதா என்று வீட்டுக்காரி கேட்கிறாள். போதும், இந்தக் காலத்து மிஷினுக்கெல்லாம் ஒரு தரமே போதும் என்கிறேன். சொல்லிக்கொண்டே இன்னொரு தரம் அழுத்துகிறேன்.

பிளாஸ்திரியைப் பிரிக்கவில்லை. பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். உங்கள் சீட்டு அதற்குள் இருக்கிறது, என் சீட்டும் இருக்கிறது. உங்களுடையதை முறைப்படி இரண்டு முறை சேமித்தேன் சிஸ்டர், நீங்கள் சொன்ன மாதிரியே. இனிமேல் அதைத் திறக்கத்தான் வழியில்லை.